கடலிலிருந்து வந்த ஹலோ

கடலில் உதவி கேட்டுக் கத்திய மச்சானுக்குச் சிரித்தபடி கைகாட்டியவன் நான். இத்தனைக்கும் அந்த நேரம் எங்கள் ஊரான கீரியின் கடற்கரையில் 'ஹலோ' என்ற சொல்லுக்குத்தான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அது வணக்கம் இல்லை அக்கா. போன் வந்த பிறகுதான் அப்பிடிப் பழகினது. அதுக்கு முதல், ஆத்துக்கு அங்கால நிக்கிற தோணிக்காரனைக் கூப்பிடத்தான் அப்பிடிக் கத்தினவங்களாம்."

வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த பக்கத்துவீட்டு றெஜினா அக்கா நிமிரவேயில்லை.

அப்போது தூரத்துப் படகில் நின்று என் மனைவியின் தம்பி அந்தோனி, "ஹலோ, ஹலோ" என்று கத்தினான். நானும் இரண்டு கையையும் ஆட்டி, "ஹலோ மச்சான்" என்றேன்.

அக்கா எழுந்து பார்த்தார். "சேர்ட்டைக் கழட்டித் தலைக்கு மேல ஆட்டுறான். சுகம் விசாரிக்கவே கழட்டினவன்? இஞ்சின் நிண்டுபோச்சு. காத்து படகை வெளிக்கடலுக்கு இழுக்குது."

அவரே ஆட்களைக் கூப்பிட்டு இன்னொரு படகை இறக்கினார். அந்தோனியின் படகைக் கட்டி இழுத்து வரும்வரை, வாழ்க்கையில் முதல்தடவையாக நான் பகிடி விடாமல் நின்றேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். அது என்னைத் தேடி வந்தபோதுதான் தெரியாமல் போனது.

கரையேறிய அந்தோனி, அக்கா சொன்ன கதை முழுவதையும் கேட்டு, தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"விளக்கம் போதும் அத்தான். கூப்பிட்டா வாங்கோ."