தாரை விட்டு இறங்காத சைக்கிள்

முன்சக்கரம் சுற்றவில்லை. அதனால் ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி ராஜபாளையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். சைக்கிள் என்னுடையதல்ல. கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கின. ஒன்று நசுங்கியிருந்தது. இரண்டிலும் பால் இல்லை. சைக்கிளுக்குச் சொந்தக்காரரைக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கதவைச் சாத்தும்போது, "சைக்கிளை வீட்ல விட்ருதியா?" என்று கேட்டுத் தெருவின் அடையாளமும் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் அவசரம் எதுவும் இல்லை. அன்று விடியற்காலையில்தான் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் நைட் ஷிப்டை முடித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் சில மாதம் ஆகிவிட்டால் எனக்குக் கால் தரிப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்துபோய், அங்கே எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறலாம் என்று இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் திட்டங்கள் இதைவிடப் பெரிதாக இருந்ததில்லை.

சைக்கிளின் சொந்தக்காரரான அந்தப் பால்காரர் என்னைத் தாண்டிப் போனபோது இன்னும் நன்றாக வெளுக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், ஒல்லியான ஆள். நான் அவரைத் திரும்பிப் பார்த்ததை லிப்ட் கேட்பதாக நினைத்துக்கொண்டார்.

"ஏலே, நானே ரெண்டு பேரை வச்சு மிதிச்சிட்டுப் போறேன். காரைப் பாத்துக் கைய நீட்டு" என்று இரண்டு கேன்களையும் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்.

அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்லப் போவது தெரியும். தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்து மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓரத்தில் ஒரு சாண் பள்ளம். வெள்ளைக் கோட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையில் உள்ளங்கை அகலம்தான் தார். பின்னால் ஹாரன் அடித்தால் கீழே இறங்கு என்று அர்த்தம். எல்லாச் சைக்கிள்களும் இறங்கும். பால் சைக்கிள் இறங்காது. பாரத்தோடு இறங்கினால் சாயும். சாயாமல் இறங்கிவிட்டாலும் மிதித்து மேலே ஏற முடியாது. ஆள் குதித்து, கேன்களோடு சைக்கிளைத் தூக்கித் தாரில் வைக்க வேண்டும்.

குற்றால சீசன் அது. குளித்துவிட்டுத் திரும்பும் கார்கள் ராத்திரி முழுக்க வந்துகொண்டிருந்தன. என்னைத் தாண்டிய ஒரு காரின் ஜன்னல் கண்ணாடியில் ஈரத் துண்டொன்றைச் செருகிக் காயப்போட்டிருந்தார்கள். அது படபடவென்று அடித்துக்கொண்டே போனது. பிறகு நீளமாக ஹாரன். எதிரில் ஒரு லாரி வந்ததால் கார் விலக இடமில்லை. பால்காரர் வெள்ளைக் கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். காரின் பக்கக் கண்ணாடி வலது கேனைத் தட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. சைக்கிள் இடது பக்கம் பள்ளத்தில் விழுந்தது. இடது கேன் அவர் காலின் மேல் விழுந்தது.

நான் ஓடிப்போய்க் கேனைத் தூக்கினேன். கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. பால் தாரில் ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. காரை நிறுத்திவிட்டு ஓட்டியவரும் வந்துவிட்டார்.

"ஹாரன் அடிச்சேன்ல? இறங்கியிருக்க வேண்டியதுதானண்ணே?"

"இறங்கலாம். பொறவு யாரு, நீங்க வந்து ஏத்தி விடுவியளா?" என்றார் பால்காரர், படுத்தபடியே. "ஒவ்வொரு காருக்கும் இறங்குனா நான் மத்தியானம்தான் போய்ச் சேருவேன்."

கார்க்காரர் கெட்டவர் இல்லை. அவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார், தண்ணீர் கொடுத்தார், வண்டி வரும்வரை நின்றார். பின்சீட்டில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. ஹாரன் அடித்த பிறகும் ஒரு மனிதர் ஏன் விலகவில்லை என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

திரும்பி நடக்கும் வழியில் நைட் ஷிப்ட் முடிந்த மில்காரர்கள் சைக்கிளில் எதிரே வந்தார்கள். ஒருவர் கேன்களைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார்.

"நம்ம பால்காரரு வண்டில்லா இது. உசுரு இருக்கா?"

"காலுதான்."

"அப்பச் சரி" என்று மிதித்துப் போய்விட்டார். அவரைத் தப்பாக நினைக்கவில்லை. அந்த ரோட்டில் தினமும் போய் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊர் ஓரத்தில் இருந்த சைக்கிள் கடையில் முன்சக்கரத்தைக் காட்டினேன். கடைக்காரர் ரிம்மைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி நிமிர்த்த முடியாது என்று ஒரு பழைய ரிம்மை மாட்டிக் கொடுத்தார். "புதுச் சைக்கிள் வாங்க ஆளு கிடையாது. இந்த ரோட்டுல விழுந்து எந்திரிச்சு வார சைக்கிளை வச்சுத்தான் கடை ஓடுது" என்றார்.

பால்காரரின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து மாட்டுக் கொட்டகையில் இரண்டு மாடுகள் நின்றன. நிழலில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். பால்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து எழுப்பியபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது.

"நீதான் அந்தத் தம்பியா? சாப்பிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். சோறும் துவையலும் வைத்தாள். நான் சாப்பிடும்போதே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அழுத முகம்தான், ஆனால் அழுது முடித்த முகம்.

அந்த வீட்டின் நிலைமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொந்த மாடு இரண்டு. அதோடு தெருவில் நாலைந்து வீட்டுப் பாலையும் விடியுமுன் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் ஒருவருக்குப் பால்காரர் வருஷக்கணக்காகக் கொண்டுபோய் ஊற்றுகிறார். பால்கோவாக்காரர் ஆறு மணிக்கு அடுப்பில் சட்டியை ஏற்றிவிடுவார். அதற்குள் பால் வர வேண்டும். வேனில் பால் கொண்டுவரும் ஒருவன் அந்த அடுப்புக்காகவே காத்திருக்கிறான். இன்று பால் போகவில்லை. நாளையும் போகாவிட்டால் வாடிக்கை வேனுக்குப் போய்விடும். ஒரு தடவை போனால் திரும்பாது.

"தெருப் பால் அம்புட்டையும் டீக்கடையிலயா ஊத்த முடியும்?" என்றாள்.

சாயங்காலம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால்காரருக்குத் தொடை வரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சைக்கிளு ஓட்டுவியா?"

"ஓட்டுவேன்."

"லோடு?"

"பழகிக்கிடலாம்."

"பழகுறதுக்கு என்ன இருக்கு. காரு வந்தாலும் லாரி வந்தாலும் கோட்டை விட்டு இறங்காத. திரும்பிப் பாக்காத. பாத்தா சைக்கிளு அந்தப் பக்கம் இழுக்கும். அம்புட்டுதான்."

"நல்லாச் சொல்லிக் குடுக்கிய" என்றாள் அவர் மனைவி. "ஒருத்தரு கட்டுப் போட்டுப் படுத்திருக்கது பத்தாதாக்கும். பெத்தவ வந்து எம்புள்ளையை எங்கன்னு கேட்டா நான் எந்த ஆஸ்பத்திரியக் காட்ட?"

"அப்ப வேனுக்காரன்ட்ட குடுத்துருவோம். வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் மாட்டு மூஞ்சியப் பாப்போம்."

"பஸ்ஸுல நான் கொண்டு போறேன்."

அவர் சிரித்தார். சிரித்ததில் கால் வலித்து முகம் சுருங்கியது. "பஸ்ஸு ஆறே காலுக்குத்தான் போய்ச் சேரும். அவரு உனக்காகத் தீயை அணைச்சிட்டு நிப்பாரோ?"

"நீங்க என்னைக்காச்சும் கேட்டியளா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டதே இல்லை என்பது தெரிந்தது. ஆறு மணி என்று ஒருவர் சொல்லிவிட்டார், அதற்காக இவர் இத்தனை வருஷம் அந்த ஓரத்திலேயே மிதித்திருக்கிறார். அவள் போனை எடுத்துப் பால்கோவாக்காரருக்கு அடித்தாள். நடந்ததைச் சொன்னாள். அரை மணி பொறுக்க முடியுமா என்று கேட்டாள். அந்தப் பக்கக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"வேன்காரன்ட்ட நாளைக்கு வரச் சொல்லிட்டேனேக்கா. இன்னைக்கே சட்டி காஞ்சு போச்சு."

"வரட்டும். அவன் நிக்கட்டும், நாங்களும் வாரோம். எங்க பாலு வந்த பொறவு நீங்களே பாத்து ஊத்துங்க."

"ஆறரை. அதுக்கு மேல செத்த நேரம்கூட ஆகாது" என்றது குரல்.

அன்று கொட்டகையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன். மாடுகளோடு தூங்குவது எனக்குப் புதிதில்லை.

இருட்டோடு எழுந்து அவள் பால் கறந்தாள். நான் தெரு வீடுகளில் வாங்கி வந்தேன். நசுங்கிய கேனுக்குப் பதில் ஒரு வீட்டில் இரவல் கொடுத்தார்கள். இரண்டையும் பஸ் நிறுத்தத்தில் இறக்கி அவளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, காலிச் சைக்கிளில் நான் முன்னால் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பால்கோவா அடுப்பு இருக்கும் தெரு தூரம். கேன்களை அங்கே கொண்டுபோகச் சைக்கிள் வேண்டும்.

காலிச் சைக்கிள் என்பதால் ஹாரன் கேட்ட ஒவ்வொரு தடவையும் மண்ணில் இறங்கினேன், உடனே ஏறினேன். அப்படியும் நிம்மதியில்லை. பின்னால் வருவது ஹாரனாவது அடிக்கிறது. எதிரில் வருகிற கார் லாரியை முந்துவதற்காக நம் பக்கம் வரும்போது ஹாரன் அடிப்பதில்லை, லைட்டை மட்டும் போடும். அந்த வெளிச்சத்தில் பள்ளம் எங்கே, மண் எங்கே என்று தெரியாது. ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன். கருவேல முள் செருப்பில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு மிதித்தேன். முந்தின நாள் பால் கொட்டிய இடம் எது என்று தேடினேன், தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஒரு யோசனை ஓடியது. மதுரை பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் சைக்கிளை யாரிடம் விடுவது? அதற்குள் எங்கள் டவுன் பஸ் உள்ளே நுழைந்தது. கேன்களைக் கண்டக்டர் ஏற்றியிருப்பாரா, இல்லை அவளை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டாரா என்று தெரியாமல் படிக்கட்டைப் பார்த்தேன். முதலில் கண்டக்டரின் சத்தம்தான் வந்தது.

"பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் இல்ல, பாலுக்கும் ப்ரீன்னு யாரு சொன்னாக்கா? நாளைக்கும் ஏத்துனா மாட்டுக்கும் சேத்து டிக்கெட் போட்ருவேன்."

"மாடும் பொம்பளதாம்பா. அதுக்கும் ப்ரீதான்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே ஒரு கேனை என் கையில் இறக்கிக் கொடுத்தார். லக்கேஜ் டிக்கெட்டை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

கேன்களை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினோம். கோபுரத்துக்குப் பின்பக்கத் தெருவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் மேல் வெறும் சட்டி. வாசலில் வேன் நின்றது. வேன்காரன் கேனின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தூக்குவதற்குக் குனிந்திருந்தான்.

பால்கோவாக்காரர் அவனைக் கையமர்த்தினார். எங்கள் கேனைத் திறந்து முகர்ந்தார். கரண்டியில் எடுத்து ஒழுகவிட்டுப் பார்த்தார். பிறகு சட்டியில் ஊற்றினார். வேன்காரன் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பஸ்ஸு தினமும் இதே நேரத்துக்கு வருமா?" என்றார், துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டே.

"வரும்" என்றாள்.

"நீங்க ஒத்தையில எப்படி இம்புட்டையும் இறக்கி ஏத்துவிய?"

"இந்தத் தம்பி இருக்கான்ல."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த பையையும் பார்த்தார். "ஏலே, நாளைக்கும் வருவியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "வருவான்" என்றாள்.

பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, காலிக் கேன்களைக் கழுவக் குழாயடிக்குக் கொண்டுபோனேன்.