பிரீமியம் போட்ட நாள்

பதினோரு வருடமாக கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்த சாம்பிள்களை வாங்கி லேபில் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். பைக்குக்கு எப்போதும் சாதாரண பெட்ரோல்தான். பிரீமியம் போடுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். இன்று அவரே, "பிரீமியம் போடும்மா" என்றார்.

பங்கில் வேலை செய்யும் பெண் சிரித்துவிட்டாள். "என்னண்ணே, இந்த வண்டிக்கு அது தண்டம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"தண்டம்தான். ஆனா இன்னிக்கு வழியில நின்னுடக் கூடாது."

தோள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்த இருபத்திரண்டு டியூப்களில் ஒன்றில் அவர் மனைவியின் பெயர் ஒட்டியிருந்தது. எதற்கென்று சொல்லாமல் டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பத்து நிமிட வழிக்கு அவர்தான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.