அனு வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிர் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் அனுவுக்கு வாய் ஓயாது. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவள் பெரியநாயகி. நாற்பதை நெருங்கும் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவள்.

இங்கிலீஷ்காரனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. ‘ஹேவ் டன்’ என்று ஒன்று போதாதென்று, ‘ஹேவ் பீன் டூயிங்’ என்று இன்னொன்றும் வைத்திருக்கிறான். பெரியநாயகி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டே இருந்தாள்.

“செஞ்சு முடிச்சாச்சுன்னா மொதலாவது. ‘செஞ்சிக்கினே இருக்கேன்’னு சொல்றீங்களே, அது ரெண்டாவது, அக்கா,” என்றாள் அனு.

“அப்போ எங்கப்பா ரெண்டு வருஷமா படுத்துக்கினு இருக்காரே, அது?”

“ரெண்டாவது.”

அன்றிலிருந்து பெரியநாயகிக்கு அதுதான் உதாரணம்.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை, சென்னையில். துணைக்கு அனுவும் போனாள். பெரியநாயகி போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அவள் தம்பி வெங்கடேசன் அனுவைக் கூப்பிட்டான். அப்பா போய்விட்டார்.

“அக்காகிட்ட சொல்லாதீங்க மேடம், மூணாவது வாட்டி எழுதுது. முடிச்சதும் கூட்டினு வந்துடுங்க. நாளைக்கு சனிக்கிழமை, வெச்சிருக்கக் கூடாதுன்றாங்க பெரியவங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம்.”

மதியம் பெரியநாயகி வெளியே வந்தாள். பேச்சுத் தேர்வு மட்டும் பாக்கி. அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அனு, பாவி மகள், “சாப்பிடுங்கக்கா” என்று தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

பேசிவிட்டு வந்த பெரியநாயகியின் முகம் மலர்ந்திருந்தது. “அப்பாவப் பத்திதான் பேசினேன் மேடம். படுத்துக்கினு இருக்காருன்னு பிசகில்லாம சொல்லிட்டேன்.”

பஸ்ஸில் ஏறிய பிறகும் அனுவால், “அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்” என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் சாமந்தி சிதறிக் கிடந்தது. ஆண்கள் குளித்த ஈரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது.

“உங்களுக்கு எப்போ தெரியும் மேடம்?”

“காலையிலயே.”

பெரியநாயகி கத்தவில்லை. “நான் நர்ஸு மேடம். எத்தினி வீட்டுக்கு நானே போன் பண்ணி, ஓடியாங்க, மொகத்தப் பாத்துடுங்கன்னு சொல்லியிருக்கேன்.”

ரிசல்ட் வந்தது. பாஸ். அதைச் சொல்ல வெங்கடேசன்தான் மாடியேறி வந்தான்.