லாசரஸ் சாரின் மூன்றாவது பெஞ்சு

லாசரஸ் சாருக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு இருந்தன. சேலையூர் வீட்டு ஹாலில் ஒரு மீன்தொட்டி. எங்கள் சர்ச்சில் மூன்றாவது பெஞ்சு ஓரம், நேர் ஃபேனுக்குக் கீழே ஓர் இடம். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை முடிந்தபோது கலங்காதவர், அந்த இடம் போனால் உயிரை விட்டுவிடுவார். இருபது வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காற்று வாங்கியவன் நான்.

2006 வாக்கில், சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் எங்கள் சர்ச்சுக்கும் வர ஆரம்பித்தன. விவரம் தெரியாமல் அந்த ஃபேனுக்குக் கீழே போய் உட்காருவார்கள். சார் சண்டையெல்லாம் போட மாட்டார். பக்கத்தில் போய் நின்று, குனிந்து முகத்தையே பார்ப்பார், அவ்வளவுதான். முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிடுவார்கள். மூன்று குடும்பம் வேறு சர்ச்சுக்கே போய்விட்டது. ஆயர் ஏசுபாதத்துக்குத் தூக்கமே போச்சு. நாலாவதாக மாட்டியது சுந்தர்சிங்கும் அவன் மனைவி சுஜியும்.

"அந்த அங்கிள் எதுக்கு எங்கள முறைக்கிறாரு?" என்று சுஜி என்னிடம் கேட்டாள்.

அந்த வாரம்தான் சார் தொட்டியில் புதிதாக இரண்டு ஏஞ்சல் மீன் விட்டார். ஏற்கெனவே அதில் சிவப்பு வால் வைத்த கறுப்பு மீன் ஒன்று இருந்தது, பெயர் தாவீது. வேதத்தில் எந்த அதிகாரத்திலும் இல்லாத அநியாயமாக, தாவீது ஏஞ்சல்களை ஓட ஓட விரட்டினான். செட்டையைக் கடித்துக் குதறினான். சார் பதறிப்போய் கேம்ப் ரோடு கலர் மீன் கடை பரணியிடம் ஓடினார். நானும் கூடப் போனேன்.

"அது அவன் ஏரியா சார்," என்றான் பரணி. "புதுசா ஆளு வந்தா சும்மா வுடுவானா? கல்லு, பானை, செடி அல்லாத்தையும் இடம் மாத்தி வையி. எது யார் வூடுன்னே தெரியாது. அப்பால அடங்கிடுவான்."

"ஒரு மீனுக்கு இவ்வளவு திமிரா!" சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "கொஞ்சம் தள்ளி இடம் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?"

நான் மெல்ல அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மாற்றி வைத்தார். மறுநாளே தாவீது பரம சாது. பெருமை தாங்காமல், வீட்டு ஜெபத்துக்கு வந்த ஆயரிடம் அரை மணி நேரம் விளக்கினார். ஆயர் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டார்.

"இடத்த மாத்தினா போதுமா, லாசரஸ்?"

"போதும் ஐயா. பழைய ஆளுக்குத் தன் இடம் எதுன்னே தெரியாமப் போயிடணும்."

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குள் நுழைந்தால், பெஞ்சுகளெல்லாம் குறுக்கே திரும்பிக் கிடக்கின்றன! சாருடைய ஃபேனுக்குக் கீழே வெறும் நடைபாதை. ஜனங்கள் உட்கார இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் சார் மட்டும் வேதாகமத்தைக் கட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"அங்கிள், இங்க வாங்க," என்று சுஜி தள்ளி உட்கார்ந்தாள். காற்றே வராத சுவர் ஓரம். போய் உட்கார்ந்தவருக்கு வியர்த்து ஊற்றியது. சுஜி பிரசங்கம் முடியும்வரை பாட்டுத் தாளால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, சார் எனக்கு முன்னாலேயே வந்து அதே சுவர் ஓரத்தில் இருந்தார். பழக்கதோஷம், நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சார் எழுந்து நின்றார். குனிந்து என் முகத்தையே பார்த்தார்.

"என்ன சார்?"

"சுந்தர்சிங் ஃபேமிலி வருவாங்க, தனசிங்."

இருபது வருஷம், ஐயா, இருபது வருஷம்! முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டேன்.