நீளமான திப்பிலி

எங்கள் வீட்டுக்காரருக்கு எதுவும் நீளமாக இருக்க வேண்டும். சந்தைக்குப் போனால் முருங்கைக்காய் பையை விட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். புடலங்காயும் அப்படித்தான். தென்காசி தாலுகா கச்சேரியில் அவர் குமாஸ்தா. அவர் எழுதுகிற காகிதமும் நீளமாகத்தான் இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம். கல்யாணமாகி நான் அந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவருக்குக் கோபமே வராது, வீம்பு மட்டும் உண்டு. அவருடைய அப்பா அம்மா ஆலங்குளத்தில் மூத்தவர் வீட்டில் இருந்ததால், தென்காசி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் நாலு மாதம். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குற்றாலத்துக்குப் போனோம். நான் அருவிக்குள் போகக் கூடாது என்பதால் ஓரமாக நின்று சாரலை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தார். கடைத்தெருவின் கோடியில், மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் தேன், கிழங்கு, வேர் எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஈரச்சாக்கின்மேல் இரண்டு கட்டு கொடி கிடந்தது.

"திப்பிலிக் கொடி சாமி. நட்டா பிடிச்சுக்கிடும்" என்றார்.

திப்பிலி என்றதும் இவர் நின்றுவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். அச்சன்புதூரில் எங்கள் அம்மை தன் புறவாசலில் கிடக்கிற திப்பிலியைப் பற்றிக் கல்யாணத்தன்றே பெருமை பேசியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற மருந்துக்குக் கடைத் திப்பிலி ஆகவே ஆகாது, புழுத்துக் கிடக்கும், வீட்டுத் திப்பிலிதான் மருந்து என்பது அவள் கட்சி. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த மாப்பிள்ளை, மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது.

இரண்டு கட்டிலும் இலை ஒன்றுபோலத்தான் இருந்தது, வெற்றிலையைச் சின்னதாக்கிய மாதிரி. கதிர்தான் வேறு. ஒரு கட்டில் கட்டை கட்டையாக, சுண்டுவிரலின் மேல்கணு அளவுக்குத் தடித்து நின்றது. இன்னொன்றில் மெலிந்து, இளமஞ்சளாக, முழு விரல் நீளத்துக்கு இருந்தது. இவர் கை எந்தக் கட்டுக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

"மருந்துக்குன்னா இந்தக் குட்டைய எடுங்க சாமி" என்றார் மலைக்காரர்.

இவர் என் காதோரம் குனிந்தார். "விக்காததை நம்ம தலையில கட்டப் பாக்கான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தலையை ஆட்டினேன். இந்தக் கதையில் அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

துவைகல் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில், நாரத்தை மர நிழலில் நட்டார். திப்பிலிக்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். தரையோடு தரையாக ஊர்ந்து, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு, அது மண்ணைப் பிடித்துக்கொண்டே போனது. அடியில் இருக்கிற இலைக்கு நீளக் காம்பு. மேலே போகப் போகக் காம்பு குறுகி, நுனி இலைகள் காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். கச்சேரிக்குப் போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் அதன்முன் குந்தியிருப்பார். என்னிடம் சொல்லாததை எல்லாம் அதனிடம் சொல்லுகிறாரோ என்று கேலி செய்வேன்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மை என்னை அச்சன்புதூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார். கூடப்பிறந்தவர்களும் கிடையாது. வயலையும் வீட்டையும் அம்மை ஒற்றையாளாகக் கட்டிக் காத்தவள். தையில் பெண் பிறந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் அம்மை நடந்த நடை தனி. பாடிக்கொண்டே அடுப்பு மூட்டுவாள். அதுவரை அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் மாதம் முடிந்ததும், ஞாயிறுதோறும் சைக்கிளில் வருகிற வழக்கப்படி வந்த இவர், எங்களைத் தென்காசிக்குக் கூட்டிப் போகிற பேச்சை மெதுவாக எடுத்தார். அம்மை கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள். பிள்ளைக்கு நெஞ்சில் கபம் இருக்கிறது, ஐந்தாம் மாதம் பார்க்கலாம். ஐந்தாம் மாதம் ஆனி. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது.

"சாரக்காத்து தென்காசி வீட்டுக்குள்ள வந்து விழும். அங்கன பெரியவுக ஆரு இருக்கா? இங்கன புறவாசல்ல திப்பிலி கெடக்கு. பறிச்சு, காய வச்சு, இடிச்சு, தேன்ல கொழச்சு இவளுக்குக் குடுக்கேன். பால் வழியா பிள்ளைக்குச் சேருது. அங்கன வந்தா இவ கடையில புழுத்ததையா வாங்கித் திம்பா?"

"எங்க புறவாசல்லயும் கெடக்கு அத்தை" என்றார் இவர்.

அம்மை கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் முன்னே வந்தாள்.

"அப்பிடியா. சரி, அது காய்க்கட்டும். ஆவணியில பிள்ளையையும் இவளையும் கூட்டிட்டு வாரேன். கடிச்சுப் பாக்கேன். காரம் இருந்தா விட்டுட்டு வாரேன். இல்லாட்டி கூட்டிட்டுத் திரும்பிருவேன். மாப்பிள்ளை வருத்தப்படப்பிடாது. அடுத்த தையில பாத்துக்கிடலாம்."

அடுத்த தை என்றால் பிள்ளை பிறந்து முழுசாக ஒரு வருஷம். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எனக்கு என் வீடு வேண்டும். என் அடுப்பு, என் துவைகல், சாயங்காலம் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வருகிற அந்த மனுஷன் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பிள்ளை பெற்ற ஈரம் காயவில்லை, அதற்குள் புருஷனைத் தேடுகிறாள் என்று ஊர் பேசும். அம்மையிடம் முகம் கொடுத்துப் பேசாமல், பாத்திரத்தை நாலு தரம் 'ணங்' என்று வைத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

பொழுது போகாமல்தான் அம்மையின் கொடியை அந்த வருஷம் நான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். சின்ன வயதில் திப்பிலி என்றால் அம்மை கரண்டியோடு வருமுன் ஓடி ஒளிந்தது மட்டும்தான் தெரியும். இலைக்கு எதிர்ப்பக்கமாகத் தனித்தனியே கதிர் நின்றது. இதழ் என்று ஒன்றும் கிடையாது, அந்தக் கதிர்தான் பூ. நாளாக நாளாக அதிலே கடுகைவிடச் சின்ன மணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு திரண்டன. கதிர் தடித்தது. பச்சை கறுத்தது. பறித்தாலொழிய அது உதிராது.

அடுத்த ஞாயிறு இவர் வந்து வாசலில் நின்று பெருமை அடித்துக்கொண்டார். "ஒவ்வொண்ணும் விரல் நீளம். இங்கன கெடக்கது கட்டை கட்டையால்லா இருக்கு. நம்மளுது தொட்டாலே உதிருது, அவ்வளவு பழுப்பு. பெறக்கிப் புட்டியில போட்டு வச்சிருக்கேன்."

அம்மை உள்ளே மோர் கலந்துகொண்டிருந்தாள். தொட்டால் திப்பிலி உதிருமா? எங்கள் வயலுக்குப் போகிற வழியில் ஆண் பனை ஒன்று உண்டு. விரல் விரலாகக் கதிர் விடும், ஒரு நுங்கு தந்ததில்லை. பப்பாளியிலும் ஆண் உண்டு. தரையில் கிடக்கிற இந்தக் கொடியிலும் ஆண், பெண் என்று இருக்குமோ? நீளமாக நின்று, தூளைக் கொட்டிவிட்டு, வாடி விழுவதுதான் ஆணுக்கு வேலையோ? மலைக்காரர் சொன்ன குட்டைதான் பெண்ணோ?

யாரிடம் போய்க் கேட்பது? அம்மையிடம் கேட்டால் நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி. அவரிடம் சொன்னால் முகம் செத்துப்போகும். வாயை மூடிக்கொண்டு ஆவணிக்காகக் காத்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு மாதம்தான்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, விடியக் கிளம்பி, மாட்டுவண்டியில் தென்காசி போய்ச் சேர்ந்தோம். இவர் வாசலிலேயே நின்றார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மை வீட்டுக்குள் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். மேற்கு ஜன்னலுக்குச் சாரல் வராமல் பனந்தட்டி கட்டியிருந்தார். விட்டத்தில் தொட்டிலுக்குக் கொக்கி அடித்திருந்தார். கட்டிலை ஜன்னலை விட்டு நகர்த்திப் போட்டிருந்தார். அடுக்களையில் வெந்நீருக்கென்று தனியாக ஓர் அடுப்பு. மண் பூசியது இவர்தான் என்பது அது கோணலாக இருந்ததிலேயே தெரிந்தது.

பிறகு அம்மை புறவாசலுக்குப் போனாள். கொடி நாரத்தை மரத்தடி முழுக்கப் படர்ந்து, ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் வேலியோடு, பச்சைப்பசேலென்று கிடந்தது. கதிர்கள் மெலிந்து நீளமாக நின்றன. ஒரு மணி இல்லை. தரையெல்லாம் உதிர்ந்த கதிர். சந்தேகமே இல்லை, சுத்த ஆண் கொடி.

அம்மை குந்தி, ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் துவைகல்லைப் பார்த்தேன். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டாரா, இல்லையா என்றுதான் மனம் ஓடியது.

இவர் கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே காய்ந்த கதிர்கள் வைக்கோல் துணுக்கு மாதிரி கிடந்தன. அம்மை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கடித்தாள். மென்றாள். திப்பிலி என்றால் கடித்த மாத்திரத்தில் நாக்கில் சுரீரென்று ஏற வேண்டும். அவள் மென்றுகொண்டே இருந்தாள். இவர் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல நின்றார். பிள்ளை அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அம்மை முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"நல்ல காரம் மாப்பிள்ளை" என்றாள். "நாக்கு எரியுது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

இவர் பிள்ளையோடு தண்ணீர் எடுக்க ஓடினார். அவள் கண்ணைத் துடைத்தது நடிப்பா, வேறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிட்டாள். இருட்டுமுன் போக வேண்டும் என்றாள். அடுக்களையில் நானும் அவளும் தனியாக இருந்தபோது, தன் துணிப்பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் சொருகினாள். அவிழ்த்துப் பார்த்தேன். காய்ந்து கறுத்த, கட்டை கட்டையான திப்பிலி. ஆறு மாதத்துக்குக் காணும்.

"தீந்துபோச்சுன்னா சொல்லி விடு. அந்த மனுசன்ட்ட ஒண்ணும் சொல்லிராத, என்ன?" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. முடிச்சை அவள் இங்கே வந்து கட்டவில்லை. அச்சன்புதூரிலேயே கட்டி எடுத்து வந்திருக்கிறாள். விரல் நீளம், தொட்டால் உதிருது என்று இவர் சொன்ன அன்றே, மோர் கலக்கிக்கொண்டே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. ஒரு வார்த்தையில் என்னையும் பிள்ளையையும் தை வரைக்கும் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். இனிமேல் அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். பாட்டும் இருக்காது. நான் நாலு தரம் பாத்திரத்தை வைத்த சத்தம் என் காதுக்குள் கேட்டது. வெட்கமாக இருந்தது. அதே நேரம் என் வீட்டு வாசலில் என் பிள்ளையோடு நிற்கிறோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

உள்ளே வந்தபோது இவர் புட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். நெற்றி சுருங்கிற்று. இன்னொன்றையும் போட்டு மென்றார்.

"ஏட்டி, எனக்கு ஒரு காரமும் தெரியலியே. உங்கம்மை நெசமாத்தான் சொன்னாகளா?"

நான் புட்டியை வாங்கி மூடினேன்.

"ஏன், எங்கம்மை பொய்யா சொல்லுவா?" என்றேன்.