இராட்சதனின் பழைய பெயர்

அப்போது லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருந்தோம். ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்குவது என் வேலை. அங்கே எல்லோரும் இருந்து சாப்பிடும் அறையில் சோற்றுப் பொதியைத் திறக்க எனக்குக் கூச்சம். கறி மணத்துக்கு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்து, பகல் முழுவதும் வெறும் தேநீரோடு இருந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு, கறிச்சட்டிக்குள்ளேயே சோற்றைக் கொட்டிக் குழைத்து, குசினியில் நின்றபடியே சாப்பிடுவேன். அடிச்சட்டியில் ஒட்டிய குழம்போடு சேர்ந்த சோற்றின் ருசி எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எட்டு வயது மகள் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாலை அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு ஷிப்ட். நான்தான் போனேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலமும் போதாது. டீச்சர் பேசுவதை மகள்தான் தமிழில் சொன்னாள். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த இராட்சதர்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு சொல்.

"எட்டின் எண்டு வாசிக்கிறது அப்பா. முந்தின காலத்து இங்கிலீசில ராட்சதனுக்கு அதுதான் பேர்."

டீச்சர் இன்னும் ஏதோ விளக்கினார்.

"சாப்பிடுறது எண்ட சொல்லில இருந்து வந்திருக்கலாமாம். நிறையச் சாப்பிடுற ஆள். ஆனா ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம்."

பிறகு தன் படத்தைக் காட்டினாள். தலை கூரையில் முட்டும் ஓர் ஆள். மீசை, நீலக்கட்டச் சாரம், ஒரு கையில் சட்டி, வாயைச் சுற்றிச் சோறு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகனும் அதே வகுப்பு. அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, சாரம் அச்சொட்டா உங்கடைதான். கொடியில காயிறதை நான் பாக்கிறனான்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

"இது ஆரெண்டு மிஸ் கேக்கிறா," என்றாள் மகள். முகம் முழுக்கப் பெருமை. "சொல்லட்டோ அப்பா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டீச்சரிடம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னனீ?"

"ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "அவர் கூடாத ராட்சதன் இல்லை அப்பா. அவருக்குப் பசி, அவ்வளவுதான்," என்றாள். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது மேசையில் எனக்கு ஒரு தட்டும் கரண்டியும் இருந்தன. மகள் எடுத்து வைத்திருந்தாள். அன்று கரண்டியால் சாப்பிட்டேன்.

"இன்னும் போடட்டோ அப்பா?"

"காணும் பிள்ளை," என்று எழுந்துவிட்டேன். சட்டியில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என் பசி அவளுக்குத் தெரியும்.