மூடப்போகிற படகு ஆட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவருடைய அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா மகளின் கல்யாணத்தில் வார்த்தை தடித்து, சாப்பிடாமல் திரும்பியவர் அவர். ஆனாலும் ஞாயிறு தவறாமல் இருவரும் ஒரே படகில்தான் போனார்கள், கம்ப்யூட்டரில். சண்டைக்கு முன்பே அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஆடத் தொடங்கிய ஆட்டம். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். தனியாளால் படகு நகராது. ‘இடது’, ‘பாறை’, ‘மெல்ல’ என்று கீபோர்டில் தட்டிக்கொள்வார்கள். அதை இருவருமே பேச்சில் சேர்க்கவில்லை.

மாதக் கடைசியோடு சர்வரை அணைக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. அதன்பின் ஆட்டத்தை வாங்கியவர்களாலும் திறக்க முடியாது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்பேனரை மேலே மறந்துவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினார்.

“ஏங்க, கால்ல வெந்நீர் கொட்டின மாதிரி அலையறீங்க? உங்க அக்காவுக்கு ஒரு போன் போடுங்களேன்” என்றாள் மனைவி.

அவர் கம்பெனிக்குப் போட்டார்.

“நீங்க வாங்கினது ஆடறதுக்கான அனுமதி மட்டும்தான் சார்” என்றாள் அங்கே பேசிய பெண்.

“என்னைக்கும் சர்வரை ஓட்டுங்கன்னு கேக்கலம்மா. நாங்களே ஆடிக்கற மாதிரி ஒரு வழி பண்ணிட்டு மூடுங்க. லிஃப்ட் கம்பெனி மூடினா, மாட்டின லிஃப்டைக் கழட்டிட்டா போறாங்க?”

“எனக்கும் நியாயமாத்தான் படுது. முடிவு என் கையில இல்லையே சார்.”

கடைசி ஞாயிறு, நடு ஆற்றில், ‘ஆட்டத்தை மூடறாங்க’ என்று தட்டினார். ‘தெரியும்’ என்று பதில் வந்தது. அக்கா பிடித்திருந்த சுக்கான் திரும்பவில்லை, படகு பாறையில் மோதியது. அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்த அக்காவின் முகம் சிவந்திருந்தது.

“காசு குடுத்து வாங்கினதுடா! கேள்விமுறை இல்லாம மூடுவானா? நானும் போன் பண்ணிக் கத்திட்டேன்.”

“நானுந்தான்.”

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் புகார் எழுதினார்கள். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று போட்டார் அவர். “கெஞ்சாதே” என்று அக்கா அந்த வார்த்தையை அடித்துவிட்டாள்.

ஆட்டம் மூடப்பட்டது. புகாருக்கு இன்னும் பதில் இல்லை. ஞாயிறுதோறும் அவர் அக்கா வீட்டுக்குப் போகிறார். கம்பெனியை இருவரும் வாய் வலிக்கத் திட்டுகிறார்கள். கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. திட்டித் தீர்ந்து வீடு அமைதியானதும் அவருக்குக் கால் பரபரக்கிறது. எழுந்துவிடுகிறார்.

“உட்காரேண்டா, என்ன அவசரம்?” என்கிறாள் அக்கா.

அவர் மறுபடி உட்காருகிறார், நாற்காலி நுனியில்.